கொட்டாஞ்சேனையின் இரண்டு உயிர்த்த ஞாயிறுகள்

கொட்டாஞ்சேனை, உயிர்த்த ஞாயிறு, வன்முறை. இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னால் எங்கட வயசு ஆக்களுக்கு ஞாபகம் வாறது ஒன்றே ஒன்றுதான்: 2019 ஏப்ரல் 21, கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். ஆனால் அதே கொட்டாஞ்சேனையில், இன்னொரு உயிர்த்த ஞாயிறு அன்று, 136 வருசத்துக்கு முதல் வேறொரு வன்முறை நடந்தது. அந்த முறை அடி வாங்கினது பௌத்தர்கள். அடிச்சது கத்தோலிக்கர்.

எங்களில் பலர் இதை முதன்முதலாகக் கேள்விப்பட்டதே ஒல்கொட்டைப் பற்றி வாசிக்கேக்கதான். கொழும்பில் கிறிஸ்தவம் என்றால் ஒரு சிறுபான்மை, அடிக்கடி அடிபடுகிற சனம் என்கிற படம்தான் எங்கள் தலைக்குள் இருந்தது. 1883 அந்தப் படத்தைக் கொஞ்சம் குழப்பி விடுகிறது. எதிரியை நேசி என்கிற கட்டளையைப் பற்றி இந்த நகரத்தில் இருந்துகொண்டு பேச வேண்டும் என்றால், குழம்பின அந்தப் படத்தில் இருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறோம்.

1883 மார்ச் 25. கொட்டாஞ்சேனைத் தீபதுத்தாராமய விகாரையில் விழாக்காலம். விகாரையின் பிக்கு மிகெட்டுவத்தே குணானந்த தேரர். பத்து வருசத்துக்கு முதல், 1873இல், பாணந்துறையில் கிறிஸ்தவப் போதகர்களோடு மேடையேறி வாதம் செய்து நாடு முழுக்கப் பெயர் எடுத்தவர். ஆட்சி கிறிஸ்தவருடையது, நல்ல பாடசாலைகள் மிஷனுடையது, உத்தியோகம் வேணுமெண்டால் ஞானஸ்நானம் உதவும் என்றிருந்த காலம் அது. பௌத்தர்களுக்குக் குணானந்தர் பெரிய தெம்பு. கிறிஸ்தவர்களுக்குப் பெரிய எரிச்சல். விகாரைக்கும் புனித லூசியாள் பேராலயத்துக்கும் இடையில் இருப்பது நடந்து போகிற தூரம்தான்.

அந்த ஞாயிறு பொரளைப் பக்கம் இருந்து பௌத்தர்களின் ஊர்வலம் ஒன்று காணிக்கைகளோடும் மேளத்தோடும் விகாரையை நோக்கி வந்தது. அது வந்து சேர முதலே ஊருக்குள் வதந்தி வந்து சேர்ந்துவிட்டது: மாதாவைக் கேவலப்படுத்துகிற உருவம் ஒன்றை ஊர்வலத்தில் கொண்டு வருகிறார்களாம். (வட்ஸ்அப் இல்லாத காலத்திலும் வதந்தி இதே வேகத்தில்தான் ஓடியிருக்கிறது.) கோயில் மணிகள் அடித்தன. வெள்ளைச் சிலுவை அடையாளம் இட்டுக்கொண்ட ஆண்கள் பொல்லுகளோடு வீதிக்கு இறங்கினார்கள். ஊர்வலம் சிதறியது. ஒரு பௌத்தர் செத்தார். இடையில் நின்ற பொலிஸ்காரர் உட்படப் பலர் காயப்பட்டார்கள்.

இயேசு உயிர்த்தெழுந்ததைக் கொண்டாடுகிற நாளில், தன்னைக் கொன்றவர்களுக்காகவே மன்றாடின ஒருவரின் சிலுவையை அடையாளமாகப் போட்டுக்கொண்டு, ஊர்வலம் போன சனத்தை அடிச்சிருக்கிறார்கள். இதற்கு மேல் நாங்கள் விளக்கம் எழுதத் தேவையில்லை.

ஆனால் எங்களுக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது, அல்லது நடக்காமல் போனது. காலனித்துவ அரசு விசாரணை வைத்தது. போதிய சாட்சியம் இல்லை என்று சொல்லி யாரும் தண்டிக்கப்படவில்லை. கிறிஸ்தவ அரசு கிறிஸ்தவனைக் காப்பாற்றிவிட்டது என்றுதான் பௌத்தர்கள் இதை விளங்கிக்கொண்டார்கள். அப்படி விளங்கிக்கொண்டதில் பிழை சொல்லவும் முடியாது. 1884 ஜனவரியில் பௌத்தப் பாதுகாப்புக் குழு உருவானது. அதே வருசம் கேணல் ஒல்கொட் அவர்களுடைய முறைப்பாடுகளைத் தூக்கிக்கொண்டு இலண்டன் வரை போனார். கொட்டாஞ்சேனைக் கொலைக்கு நீதி கிடைக்கேல்லை. வேறு சில விசயங்கள் கிடைத்தன: 1885இல் வெசாக் நாள் பொது விடுமுறையானது, அதே வெசாக்கில் பௌத்தக் கொடி முதன்முதலாக ஏற்றப்பட்டது. கொடி ஏறிய இடங்களில் ஒன்று குணானந்தரின் அதே விகாரை.

முகத்துவாரத்தில் அப்போது இருந்த புனித தோமையார் கல்லூரியில் பதினெட்டு வயதுப் பொடியன் ஒருவன் படித்துக்கொண்டிருந்தான். பெயர் தொன் டேவிட் ஹேவாவிதாரண. கொட்டாஞ்சேனைச் சம்பவத்துக்குப் பிறகு தகப்பன் அவனைப் பள்ளிக்கூடத்தில் இருந்து எடுத்துவிட்டார். அந்தப் பொடியன்தான் பிறகு அநகாரிக தர்மபால. சிங்கள பௌத்தத் தேசியத்துக்கு அவர் கொடுத்த மொழி எது, அந்த மொழி முஸ்லிம்களைப் பற்றியும் மற்றவர்களைப் பற்றியும் என்ன சொன்னது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எல்லாத்துக்கும் காரணம் 1883 என்று நாங்கள் சொல்ல வரேல்லை. தர்மபாலவை உருவாக்கியது நூறு விசயம். ஆனால் தண்டிக்கப்படாத, ஏற்றுக்கொள்ளப்படாத ஒரு அநியாயம் ஒரு சமூகத்தின் நினைவில் எவ்வளவு காலம் வேலை செய்யும் என்பதற்கு இது நல்ல உதாரணம். இதை மற்ற யாரையும் விடத் தமிழருக்குக் கூடுதலாக விளங்கும்.

அந்தக் கட்டளைக்கு வருவோம். மத்தேயுவில் ஐந்தாம் அதிகாரம், லூக்காவில் ஆறாம் அதிகாரம். பகைவரை நேசியுங்கள், துன்புறுத்துகிறவர்களுக்காக மன்றாடுங்கள் என்பது அதன் சாரம். இதை யார், யாருக்குச் சொன்னார் என்பதை நாங்கள் வழக்கமாக மறந்துவிடுகிறோம். சொன்னவர் ரோமரின் ஆட்சிக்குக் கீழே இருந்த ஒரு சனத்தைச் சேர்ந்தவர். கேட்டவர்கள் வரி கொடுத்தே ஓய்ந்துபோன கலிலேயக் கமக்காரரும் மீன்பிடிகாரரும். அதே பேச்சில்தான் ஒரு மைல் தூரம் சுமை தூக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறவனோடு இரண்டு மைல் போ என்கிற பேச்சும் வருகிறது. வழியில் போறவனை மறிச்சுச் சுமை தூக்க வைக்கிறது ஆக்கிரமிப்புப் படைகளின் வழக்கம். ஆமி செக்பொயின்ட்டுக்குள்ளால போய் வந்த சனத்துக்கு அந்தக் காட்சியை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆக, அடிபட்டவன் அடிபட்டவர்களுக்குச் சொன்ன பேச்சு அது. மேல இருக்கிறவன் கீழ கிடக்கிறவனைப் பார்த்துச் சொன்னது இல்லை.

இந்த வித்தியாசம் சின்னது போல இருக்கும். இதே சொல்லை ரோம அதிகாரி ஒருவன் மேடையேறி அந்தக் கமக்காரருக்குச் சொல்லியிருந்தால் என்ன அர்த்தம் வந்திருக்கும் என்று யோசிச்சுப் பாருங்கோ. சொல் ஒன்றுதான். ஆனால் ஒரு வாயில் அது எதிரியைப் போல நாங்களும் ஆகிவிடக் கூடாது என்கிற பிடிவாதம். மற்ற வாயில் அது “பொத்திக்கொண்டு இரு” என்கிற உத்தரவு. இலங்கையில் நாங்கள் கூடுதலாகக் கேட்டது இரண்டாவது வாயைத்தான்.

1983க்குப் போவோம். கொட்டாஞ்சேனைச் சம்பவத்துக்குச் சரியாக நூறு வருசம். ஜூலை 23 இரவு திருநெல்வேலியில் 13 ஆமிக்காரர் கொல்லப்பட்டார்கள். அடுத்த நாள் பின்னேரம் பொரளைக் கனத்தை மயானத்தில் சனம் கூடியது, இரவு பொரளை எரியத் தொடங்கியது, திங்கள் காலையில் நகரம் முழுக்கப் பரவியது. வெள்ளவத்தையில் காலி வீதி நெடுக எங்கட கடைகளும் ஒழுங்கைகளுக்குள் எங்கட வீடுகளும் எரிந்தன. வாக்காளர் இடாப்பைக் கையில் வைச்சுக்கொண்டு வீடு வீடாக வந்தார்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை, வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள், ஆகவே சுருக்கமாக விடுகிறோம். வெலிக்கடைச் சிறையில் ஜூலை 25ஆம் 27ஆம் திகதிகளில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டதை மட்டும் சொல்ல வேண்டும். இரண்டாம் நாள் தாக்கப்பட்ட கட்டடத்தில் கத்தோலிக்கக் குருமாரும் ஒரு மெதடிஸ்த போதகரும் அடைபட்டிருந்தார்கள். காந்தியம் அமைப்பின் மருத்துவர் இராஜசுந்தரமும் அங்கேதான் இருந்தார். வந்தவர்களோடு பேசிப் பார்க்க முன்னுக்குப் போனவர் அவர் என்று உயிர் தப்பியவர்கள் பிறகு சொன்னார்கள். அவரை இழுத்துக்கொண்டு போய்க் கொன்றார்கள். மற்றவர்கள் உடைந்த தளபாடங்களைக் கையில் எடுத்துத் தடுத்து நின்றுதான் உயிர் தப்பினார்கள். குருமார் இருந்த ஒரு அறையில், எதிரியை நேசி என்கிற கட்டளைக்கும் மேசைக் காலுக்கும் இடையில் அந்த நிமிசம் என்ன நடந்திருக்கும் என்று மேசையில் இருந்து கட்டுரை எழுதுகிற எங்களுக்குத் தீர்ப்புச் சொல்ல உரிமை இல்லை.

ஜூலை 28 அன்று ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தன நாட்டு மக்களுக்குப் பேசினார். செத்துப்போன, வீடிழந்த தமிழருக்கு ஒரு அனுதாபச் சொல் அந்தப் பேச்சில் இல்லை. சிங்கள மக்களின் கோபத்தைப் பற்றித்தான் பேசினார்.

இந்த இடத்தில்தான் நாங்கள் ஒரு பெயரை நிறுத்தி வைக்க விரும்புகிறோம். லக்ஷ்மன் விக்கிரமசிங்க. குருநாகல் அங்கிலிக்கன் ஆயர். சிங்களவர், கொழும்பின் மேல்தட்டுக் குடும்பம், ரணில் விக்கிரமசிங்கவின் சித்தப்பா. 1971 கிளர்ச்சிக்குப் பிறகு உருவான குடிசார் உரிமைகள் இயக்கத்தில் முன்னணியில் நின்றவர். ஜூலையில் அவர் நாட்டிலேயே இல்லை, இங்கிலாந்தில் இருந்தார். செய்தி கேட்டுத் திரும்பி வந்தவர், பாதிக்கப்பட்டவர்களைத் தேடிப் போனார், யாழ்ப்பாணத்துக்கும் போய்ச் சனத்தின் வாயால் கேட்டார். செப்டெம்பரில் தன் மறைமாவட்டப் பேரவைக்கு ஒரு உரை நிகழ்த்தினார்.

அந்த உரையின் சாரத்தை எங்கட வார்த்தையில் சொல்கிறோம். பாதுகாப்பில்லாத தமிழர் மீது நடந்த பெரும் வன்முறையை எந்த ஒழுக்க நியாயத்தாலும் நியாயப்படுத்த முடியாது. 13 ஆமிக்காரரின் சாவு அதற்குக் காரணம் சொல்லாது. சிங்களவராகிய நாங்கள் வெட்கப்பட வேண்டும். வெட்கப்பட்டு, பாதிக்கப்பட்ட தமிழரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

கவனியுங்கோ: “நாங்கள்”. அவர் ஒரு வீட்டையும் எரிக்கவில்லை. எரிச்ச நேரம் அவர் கடலுக்கு அங்கால இருந்தார். “எனக்குத் தெரியாமல் நடந்தது” என்று சொல்ல இந்த நாட்டில் ஆருக்காவது உரிமை இருந்தது என்றால் அது அவருக்குத்தான். அவர் அதைச் சொல்லவில்லை. அதைவிட முக்கியம், தமிழரைப் பார்த்து “மன்னியுங்கள், எதிரியை நேசியுங்கள்” என்று தொடங்கவும் இல்லை. ஒரு ஆயருக்கு அது எவ்வளவு லேசான பிரசங்கம்! வேதத்தில் வசனம் ஆயத்தமாக இருக்குது, கேட்கிற சனமும் தலையாட்டும். அவர் அந்தக் கட்டளையைத் தன் பக்கத்துக்குத் திருப்பினார். எதிரியை நேசிக்கிறது என்றால், எதிரி என்று என் ஆட்கள் யாருக்குப் பெயர் வைத்திருக்கிறார்களோ, அவனுக்கு என் ஆட்கள் செய்ததை உரத்துச் சொல்வது. இதைச் சொல்லி ஒரு மாதம் கடந்து, ஒக்டோபர் 23 அன்று, 56 வயதில் அவர் இறந்துபோனார்.

ஜெர்மனியில் நாஸிகளுக்கு எதிராக நின்று தூக்கில் போடப்பட்ட போதகர் பொன்ஹோஃபர், மனந்திரும்புதல் கேட்காமல் மன்னிப்பைப் பிரசங்கிக்கிறதை மலிவான அருள் என்று 1937இல் எழுதினார். விக்கிரமசிங்கவின் உரை அந்தக் கடையில் சாமான் வாங்கவில்லை. ஒரு ஜனாதிபதி ஜூலைக்கு மன்னிப்புக் கேட்க 2004 வரை பொறுக்க வேண்டியிருந்தது. கேட்டவர் சந்திரிகா குமாரதுங்க. இருபத்தொரு வருசம்.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். “83இல் எங்கட அம்மாக்களைப் பக்கத்து வீட்டுச் சிங்களச் சனம்தானே ஒளிச்சு வைச்சது?” ஓம், வைச்சது. வெள்ளவத்தையில் தமிழ்க் குடும்பங்களிடம் கேட்டால் பத்தில் பாதிப் பேரிடமாவது அப்படி ஒரு கதை இருக்கும்: குசினிக்குப் பின்னால் இருந்த அறை, கட்டிலுக்குக் கீழே சின்னப் பிள்ளைகள், வாசலில் நின்று “இங்க தெமிள ஆக்கள் ஒருத்தரும் இல்லை” என்று பொய் சொன்ன ஒரு ஆச்சி. அந்த ஆச்சிகளுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அவர்கள் எதிரியை நேசிக்கவில்லை. அவர்களுக்கு அந்தக் குடும்பம் எதிரியாக இருக்கவே இல்லை, பக்கத்து வீடு. அயலவனை நேசிக்கிறது வேற, எதிரியை நேசிக்கிறது வேற. இயேசுவின் பேச்சே அந்த இரண்டுக்கும் நடுவில் கோடு போட்டுத்தான் தொடங்குகிறது. நல்ல அயலவர் கதைகளை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால், இடாப்போடு வந்தவன் யார், அவனுக்கு இடாப்பைக் கொடுத்தது யார் என்கிற கேள்வி மெல்ல மறைஞ்சு போகும். அந்தக் கதைகளை விழா மேடைகளில் அரசியல்வாதிகள் விரும்பிச் சொல்வதற்கும் அதுதான் காரணம் என்பது எங்கட சந்தேகம்.

2007 ஜூன் 7 விடியற்காலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் இருந்து 370க்கும் மேற்பட்ட தமிழரை பொலிஸ் எழுப்பி, பஸ்களில் ஏற்றி, வவுனியாப் பக்கம் அனுப்பியது. வெளிநாடு போக, வைத்தியம் பார்க்க, வேலை தேட வந்து தங்கியிருந்த சனம். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் இதற்குத் தடை போட்டது. ஓரிரு நாளில் பிரதமர் இரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்து அரசு பொறுப்பேற்பதாகச் சொன்னார். இலங்கையில் ஒரு அரசு இவ்வளவு கெதியாக வருத்தப்பட்டதை நாங்கள் வேறெங்கும் வாசிக்கவில்லை. அந்த வருத்தத்தின் ஈரம் காய முதல் பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய ராஜபக்ச அந்த நடவடிக்கையை நியாயப்படுத்திப் பேட்டி கொடுத்தார். அதையும் சேர்த்துத்தான் நினைவில் வைக்க வேண்டும்.

இப்போது 2019. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் ஹோட்டல்கள். 260க்கும் மேற்பட்ட உயிர்கள். அந்தோனியார் கோயில் எப்படியான இடம் என்று கொழும்புக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. செவ்வாய்க்கிழமைகளில் அங்கே மெழுகுதிரி கொளுத்துகிற வரிசையில் சைவச் சனமும் நிக்கும், பௌத்தச் சனமும் நிக்கும், முஸ்லிம்களும் வருவார்கள். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்துத்தான் குண்டு வெடித்தது.

முதல் வாரங்களில் கர்தினால் மல்கம் ரஞ்சித் செய்ததை மறக்கக் கூடாது. மே 5 அன்று நீர்கொழும்பில் கத்தோலிக்கருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் அடிதடி வந்தபோது, ஒரு முஸ்லிமின் மேலும் கை வைக்க வேண்டாம் என்று தன் சனத்திடம் கெஞ்சிக் கேட்டார், பள்ளிவாசலுக்கு நேரில் போனார். அடுத்த வாரம் குருநாகல், கம்பஹா, புத்தளம் மாவட்டங்களில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, ஒரு முஸ்லிம் கொல்லப்பட்டார். கொட்டாஞ்சேனையில் அப்படி ஒன்று நடக்கவில்லை. 1883ஐ வாசித்துவிட்டு இதைப் பார்க்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விசயம் என்று விளங்கும். மணி அடிக்கிறவர்கள் அடிக்காமல் விட்டால் வீதி வேற மாதிரி இருக்கும்.

2020 ஏப்ரல் 12, அடுத்த உயிர்த்த ஞாயிறு. கொரோனா ஊரடங்கு, கோயில்கள் பூட்டு, பூசை தொலைக்காட்சியில். தங்களை அழிக்க வந்த எதிரிகளை நேசித்தோம், மன்னித்துவிட்டோம் என்று கர்தினால் அந்தப் பூசையில் சொன்னார். உலகம் முழுக்கச் செய்தியானது. எங்களுக்கு அப்போதே ஒரு நெருடல் இருந்தது: “மன்னித்துவிட்டோம்” என்பதில் அந்த “நாங்கள்” யார்? பிள்ளையைப் புதைத்த ஒரு தாய்க்காக வேறொருவர் மன்னிக்கலாமா? விக்கிரமசிங்கவின் “நாங்கள்” தன் ஆட்களின் குற்றத்தைத் தன் தலையில் ஏற்றியது. இந்த “நாங்கள்” மற்றவரின் காயத்தை அவர்களைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போல இருந்தது.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை, கர்தினாலும் அங்கே நிற்கவில்லை. 2021 மார்ச்சில் கத்தோலிக்கர் கறுப்பு ஞாயிறு அனுசரித்து நீதி கேட்டார்கள். 2022 மார்ச்சில் அவர் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் பேசினார். மன்னிப்பைச் சொன்ன அதே வாய், உண்மை என்ன, பின்னால் இருந்தது ஆர் என்று கேட்டது. சிலர் இதை முரண்பாடு என்றார்கள். எங்களுக்கு அப்படித் தெரியவில்லை. அவர் பிந்தியாவது சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தார் என்றே படுகிறது. வெடித்தவனை வெறுக்காமல் இருக்கலாம், அவனைப் பற்றி முன்கூட்டியே வந்த எச்சரிக்கையை மேசையில் போட்டுவிட்டுப் படுத்தவர்களை விசாரிக்கவும் வேண்டும்.

ஆனால் தமிழராக எங்களுக்கு இதில் ஒரு கசப்பும் உண்டு. போரின் கடைசி மாதங்களைப் பற்றிச் சர்வதேச விசாரணை வேணும் என்று எங்கட சனம் ஜெனீவாவைப் பார்த்தபோது, இதே கர்தினால் அதை நாட்டின் உள்விவகாரத்தில் தலையீடாகவே பார்த்தார். அதே கத்தோலிக்கத் திருச்சபையில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழுவின் முன் போய் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அதற்காக அவர் புலி என்று பெயர் கேட்டார். தன் கோயிலில் குண்டு வெடிச்ச பிறகுதான் ஒருவருக்கு ஜெனீவாவுக்கு வழி தெரியுமோ என்று எங்களில் சிலர் கேட்டோம். கேள்வி கடுமையானது, பிழையானது என்று சொல்ல மாட்டோம்.

2023 ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எச்சரிக்கை கிடைத்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபா இழப்பீடு கட்ட வேண்டும், பொலிஸ், புலனாய்வு, பாதுகாப்பு அதிகாரிகளும் கட்ட வேண்டும். அந்த மாதமே சிறிசேன கத்தோலிக்கரிடம் மன்னிப்புக் கேட்டார். தனக்குத் தெரியாமல் நடந்த ஒன்றுக்காக மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னார். இதைக் கேட்டபோது எங்களுக்கு 1983இல் இங்கிலாந்தில் இருந்து திரும்பி வந்த அந்த ஆயர்தான் ஞாபகம் வந்தார். ஒருவர் நாட்டிலேயே இல்லை, “நாங்கள் செய்தோம்” என்றார். மற்றவர் நாட்டின் ஜனாதிபதி, பாதுகாப்பு அமைச்சரும் அவரே. தனக்குத் தெரியாது என்றார்.

இதுவரை எழுதினதில் தமிழர் எல்லா இடத்திலும் அடிபட்டவராகவே வந்திருக்கிறோம். வசதியான இடம்தான். அந்த இடத்தில் இருந்து பார்த்தால் எதிரியை நேசி என்பது எப்போதும் மற்றவன் எங்களிடம் கேட்கிற, நாங்கள் கோபத்தோடு மறுக்கிற ஒன்றாக மட்டும் இருக்கும். ஆனால் விக்கிரமசிங்க செய்தது போல அந்தக் கட்டளையை எங்கட பக்கம் திருப்பினால் 1990 ஒக்டோபர் வருகிறது. வடக்கின் ஐந்து மாவட்டங்களில் இருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் ஒக்டோபர் 30 அன்று கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். வழியில் நகையும் காசும் பறிக்கப்பட்டது. அதற்கு முன்பு ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல், தொழுகையில் இருந்தவர்கள். 2002 சமாதான காலத்தில் புலிகளின் தலைமை வெளியேற்றத்துக்கு வருத்தம் தெரிவித்தது. பிறகு தமிழ் அரசியலிலும் அதை இனச்சுத்திகரிப்பு என்று வெளிப்படையாகச் சொன்ன ஒருசில குரல்கள் வந்தன. சொன்னவர்கள் எங்கட ஆட்களிடமே திட்டு வாங்கினார்கள்.

“நாங்களா செய்தோம், அது இயக்கம் செய்தது, எங்களுக்கு அப்ப பேச வாய் இருந்ததா?” இந்தப் பதிலை எங்கட வீடுகளிலும் கேட்டிருக்கிறோம். அதில் உண்மையும் இருக்குது, அந்தக் காலத்தில் பேசினவர்களுக்கு என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் இப்போது வாய் இருக்குது. இதே பதிலை 83ஐப் பற்றி ஒரு சிங்களவர் சொன்னால், “நாங்களா எரிச்சோம், அது காடையர் எரிச்சது” என்றால், நாங்கள் ஏற்றுக்கொள்வோமா?

புத்தளத்து முகாம்களில் பிறந்து வளர்ந்த அந்தச் சனத்தின் பிள்ளைகளுக்கு இன்று எங்கட வயசு. போர் முடிஞ்ச பிறகு அவர்களின் தாய் தகப்பன்மாரில் ஒரு பகுதி யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் போனது. காணி உறுதி, வீட்டுத்திட்டம், பதிவு என்று கச்சேரிக்கும் கிராம சேவகரிடமும் அலைய வேண்டியிருந்தது, அந்த மேசைகளுக்கு அங்கால இருந்தது பெரும்பாலும் தமிழர். சோனகத் தெருவில் கூரை இல்லாத வீடுகள், சுவருக்குள் மரம் முளைத்தபடி, அதற்குப் பிறகும் பல வருசம் நின்றன.